மூக்கருக்குச் சளி

ஒயின் ருசி பார்த்துப் பத்திரிகையில் எழுதுகிறவருக்கு அந்தத் தொழிலில் இருந்தவர்கள் வைத்த பெயர் மூக்கர். அப்பேர்ப்பட்டவருக்கு ஐந்து நாளாகச் சளி. காபியைக் கொடுத்தாலும் வெந்நீரைக் கொடுத்தாலும் அவருக்கு ஒன்றுதான்.

"இன்னைக்கு வரலைன்னு சொல்லிடுங்களேன்" என்றாள் மனைவி.

"இருநூறு வருஷத்துக் கம்பெனி. முப்பது வருஷம் நிலவறையில இருந்த நுரை ஒயினைத் திறக்கறாங்க. எனக்கு மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா பொழப்பே போச்சு."

அப்புறம்தான் அவர் மனைவியின் மூக்கைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தார். அவள் சலவைக் கடை நடத்துகிறாள். காலரை ஒரு தடவை முகர்ந்தால் போதும், கறை எண்ணெயா, மருந்தா, மையா என்று சொல்லிவிடுவாள். ஆனால் அந்த மூக்கை அவர் இருபது வருடமாகத் தன் ஒயின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் அண்டவிட்டதில்லை. "உனக்கு இதெல்லாம் புரியாது" என்று வாரத்துக்கு இரண்டு தடவையாவது சொல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது.

குறிப்பெடுக்க வந்தவள் என்று சொல்லி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். வெள்ளைத் துணி விரித்த மேசை, எட்டு விமர்சகர்கள். அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. நிலவறைத் தலைவர் பாட்டிலைத் திறப்பார், ஊற்றுவார், ஆனால் முகர மாட்டார். முதல் வாசனை விருந்தாளிக்குத்தான். விருந்தாளிகளிடமும் ஒரு வழக்கம் இருந்தது. மூக்கர் வாய் திறக்காமல் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

முதல் பாட்டில் சத்தமே போடாமல் திறந்தது. பொன்னிற ஒயினில் குமிழிகள் அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக மேலே வந்தன. மூக்கர் கிண்ணத்தைச் சுழற்றிக் கண்ணை மூடினார். ஒன்றுமே தெரியவில்லை. கிண்ணத்தை மெல்ல மனைவி பக்கம் நகர்த்தினார். அவள் எழுதிக் காட்டினாள்: 'வறுத்த பாதாம். தேன். சுட்ட ரொட்டி.'

"வறுத்த பாதாம்" என்று மூக்கர் பெருமூச்சு விட்டார். "அதுக்குப் பின்னாடி தேன், வெட்கப்பட்டுக்கிட்டு நிக்குது." சபை சொக்கிப் போனது. மனைவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

இரண்டாவது பாட்டில் இன்னும் பத்து வருடம் மூத்தது. இந்த முறை அவள் எழுதினாள்: 'மழையில நனைஞ்ச அட்டைப்பெட்டி.'

மூக்கர் அதை இரண்டு தடவை படித்தார். விளையாடுகிறாளா? முறைத்தார். அவள் அதே வரியின் கீழ் ஒரு கோடு போட்டாள். எதிரே இருந்த ஒருவர் அதற்குள் பரவசமாகத் தலையாட்டத் தொடங்கியிருந்தார். இதைச் சொல்லி, அது தப்பாகப் போனால், மானம் கப்பலேறிவிடும்.

போன வருடம் பால் திரிந்துவிட்டது என்று அவள் சொல்லியும் கேட்காமல் குடித்து, இரண்டு நாள் குளியலறையிலேயே குடியிருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"இந்த பாட்டில் கெட்டுப்போச்சு" என்றார். "நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை."

தலையாட்டியவரின் தலை பாதியில் நின்றது. நிலவறைத் தலைவர் வழக்கத்தை மீறிக் கிண்ணத்தை முகர்ந்தார், மறுபடி முகர்ந்தார். "கார்க் மூடியில பழுது, ஒயினைக் கெடுத்திடுச்சு. எனக்கே ரெண்டாவது தடவைதான் பிடிபட்டுது. சார், உங்க மூக்குக்கு ஒரு கும்பிடு!"

எல்லோரும் கைதட்டினார்கள். மூக்கர் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் அவள் எந்தப் புகாரும் இல்லாமல் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

"கும்பிடு எனக்கு இல்லைங்க" என்றார். "எனக்கு அஞ்சு நாளா சளி. மூக்கு இவளோடது."

சபை மொத்தமும் அவள் பக்கம் திரும்பியது. நிலவறைத் தலைவர் உள்ளே போய் அதே வருடத்து வேறொரு பாட்டிலைக் கொண்டுவந்து திறந்தார். முதல் கிண்ணத்தை அவள் முன்னால் வைத்தார்.

அவள் முகர்ந்தாள். ஒரு வாய் குடித்தாள். ருசி பார்த்தவர்கள் துப்புவதற்கென்று வைத்திருந்த வாளியை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொரு வாய் குடித்தாள். கண்கள் மெல்லக் கலங்கின.

மூக்கரால் பொறுக்க முடியவில்லை. "எப்படி இருக்கு? சொல்லேன்."

அவள் அவரைப் பாவமாகப் பார்த்தாள்.

"விடுங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."