ஆறு உறைவதற்குள் சொன்ன தேதி

பதினோரு மணி நேரமாக இடுப்பு கழன்று விழுவதுபோல வலித்துக்கொண்டிருந்தது. பத்தொன்பது வருஷம் மரம் வெட்டும் கூப்பில் நின்ற இடுப்பு. ஒருமுறை கட்டை சரிந்து அடித்ததிலிருந்து, குளிர் ஏறினால் அது என் பேச்சைக் கேட்பதில்லை. வேனின் ஹீட்டர் முழங்காலை மட்டும் சுட்டது. முதுகுக்கு ஒன்றும் வரவில்லை. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே நாற்பத்தொரு டிகிரி.

ஓட்டியவன் அர்சேனி, என் மனைவியின் தம்பி. விசுவாசி இல்லை. கூட வர ஆள் கிடைக்காததால் வருகிறவன்.

"என்ன மச்சான், இத்தனை வருஷம் ஆண்டவருக்கு வேலை பாக்குறீங்க. அந்த இடுப்புக்கு ஒரு புது நட்டு போடச் சொல்லக் கூடாதா?"

"சொல்லியாச்சு. ஸ்டாக் இல்லையாம்."

அவன் சிரித்தான். பின்னால் பாட்டுப் புத்தகங்களும், கிடார் கம்பிகளும், உறையாமலிருக்கப் போர்வை சுற்றிய இரண்டு பெட்டி ஆரஞ்சும் கிடந்து குலுங்கின. ஒவ்வொரு குளிர்காலமும் ஆறு உறைந்து பனிச்சாலை திறந்ததும் அக்கரையிலிருக்கும் சுகாயாவுக்குப் போய், அங்குள்ள வாலிபரை ஊக்கப்படுத்திவிட்டு வருவது எங்கள் ஜெபவீடு எனக்குக் கொடுத்த ஊழியம். நாலு நாள் இருப்பேன். பாடுவோம், ஜெபிப்போம், ஆரஞ்சு தின்போம். ஐந்தாம் நாள் வேன் கிளம்பிவிடும். மரம் அறுக்கும் ஆலை மூடியபிறகு அந்த ஊரில் வேலை கிடையாது. இருப்பவர்கள் குடிக்கிறார்கள், இல்லையென்றால் ஊரைவிட்டுப் போகிறார்கள். போன வருஷம் கூட்டத்தில் வாலிபர் நாலு பேர். இப்போது மூன்று.

எங்கள் பக்கத்தில் ஆறு உறைவதற்குள் யாரும் பயணத் தேதி சொல்வதில்லை. பெண்ணுக்குப் பிரசவமானாலும், தகப்பன் சாகக் கிடந்தாலும், "ஆறு நின்னதும் வர்றேன்" என்றுதான் சொல்வார்கள். ஆற்றங்கரையில் பிறந்த எனக்கு இதை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

அக்டோபர் கடைசியில் ஃபைனா தொலைபேசியில் கூப்பிட்டாள். பத்தொன்பது வயது, மருந்தகத்தில் தரை துடைக்கிறாள், அந்தக் கூட்டத்தை நடத்துகிறவள் அவள்தான். "மாமா, இனிமே என்னால முடியல. நாலு பேரும் சுவத்தப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்," என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் எனக்குப் பயம் வந்தது. என்னத்தையாவது சொல்லித் தேற்ற வேண்டும். "நவம்பர் பன்னிரண்டு அங்க இருப்பேன்," என்று சொல்லிவிட்டேன். எதையும் பார்த்துச் சொன்ன தேதி இல்லை. வாயில் வந்த தேதி. பக்கத்தில் கிரீல் இருந்தான், இருபத்திரண்டு வயது. "அப்போ நான் வழி குறிச்சு வெக்கிறேன் மாமா," என்று அவன் கத்தியது கேட்டது. ஆற்றைக் கடந்து வரும் விருந்தாளிக்கு அந்த வீட்டுக்காரர்தான் பனியைக் குத்திப் பார்த்து, ஊசியிலைக் கொம்புகளை வரிசையாக நட்டு வைப்பார். அது அவர்கள் மரியாதை.

எட்டாம் தேதி வெயிலடித்துப் பனி இளகியது. நான் கிளம்பவில்லை. சொல்லலாமென்று கூப்பிட்டேன், அந்த ஊர் தொலைபேசிக் கோபுரம் பழுது, லைன் கிடைக்கவில்லை. மறுநாளும் கூப்பிட்டேன். அப்புறம் விட்டுவிட்டேன். பனி இளகியதைப் பார்த்து, நான் வரமாட்டேன் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன். பதினொன்றாம் தேதி காலையில் கிரீல் காட்டோரம் வெட்டி வைத்திருந்த கொம்புகளைப் பனிவண்டியில் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கினான். நடு ஆற்றில் பனி உடைந்து வண்டியோடு உள்ளே போனான். எனக்குச் செய்தி வர மூன்று வாரம் ஆயிற்று.

இப்போது பிப்ரவரி. ஃபைனா வீட்டுப் பின்னறையில் மூன்று பேரும் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்கள். பாடினோம். குரல்கள் ஒன்றோடொன்று சேரவில்லை. நம்பிக்கையைப் பற்றி நான் எழுதிக்கொண்டு வந்ததைப் பாதியில் மடித்து வைத்துவிட்டேன். மற்ற இருவரும், ஷுராவும் வேனியாவும், ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சை எடுத்துக்கொண்டு போனார்கள். ஃபைனா நாற்காலிகளை அடுக்கினாள்.

"கிரீலோட அம்மாவுக்கு அவன் ஏன் போனான்னு தெரியாது மாமா."

"நீ சொல்லலியா?"

"சொன்னா என்ன ஆகும்? ஏற்கெனவே எங்களக் கிறுக்குக் கூட்டம்னுதான் சொல்றாங்க. ஷுராவ அவ அப்பா வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டுவாரு. வேனியாவ அடிச்சே நிறுத்திடுவாங்க. அதோட முடிஞ்சுது." அடுக்கிய நாற்காலியைத் திரும்ப எடுத்துக் கீழே வைத்தாள். "மூணு மாசமா அவங்க பின்னாடி வரிசையில நின்னு ரொட்டி வாங்குறேன். திரும்பிப் பாத்து, நல்லாருக்கியாம்மான்னு கேக்குறாங்க."

"ஃபைனா, கர்த்தர்..."

"வேணாம் மாமா. உற்சாகப்படுத்தாதீங்க. தேதி சொன்னது நீங்க. போய்ச் சொல்லுங்க. இல்ல, சாகுற வரைக்கும் சொல்லாதேன்னு எங்கிட்டச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

மறுநாள் மதியம் இருவரும் கிரீல் வீட்டுக்குப் போனோம். அவன் அம்மா கபிதோலினா ஆலையில் பலகை அடுக்கியவள். விரல்கள் என்னுடையவை போலவே, சரியாக மடங்காதவை. மடியில் மீன்வலை கிடந்தது. கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கி அடுப்பில் போட்டுக்கொண்டிருந்தாள். அறையெல்லாம் நைலான் தீய்ந்த நாற்றம். எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள்.

"உக்காருங்க ரோதியோன் இல்யிச். ஜெபம் பண்ண வந்திருந்தா பண்ணிக்குங்க. நான் கைவேலைய விடமாட்டேன், கோவிச்சுக்காதீங்க."

"நல்ல வலையாச்சே இது," என்றேன்.

"நல்ல வலைதான். அவங்கப்பா பின்னினது." ஒரு துண்டை அடுப்பில் போட்டாள். "அன்னிக்குக் காலையில நான்தான் வாய வெச்சேன். வீட்டுல பாட்டு இருக்கு, மீன்தான் இல்லைன்னு குத்திக் காட்டினேன். ஒரு வார்த்தை பேசல, தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டான். வலை போட முடியுமான்னு பனியப் பாக்கத்தான் போயிருப்பான். ஆத்தத் தெரிஞ்ச பய. நான் சொல்லலேன்னா எறங்கியிருக்கவே மாட்டான்."

ஃபைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியது நாலு வார்த்தை. சொன்னால் இவள் நெஞ்சிலிருக்கும் கல் இறங்கும். ஆனால் பின்னறையில் கூடும் மூன்று பேரும் சிதறிவிடுவார்கள். இப்படித்தான் அப்போது எனக்கு நானே கணக்குச் சொன்னேன். உண்மையில் எனக்கு அந்தக் கத்தரிக்கோல் பிடித்த கையைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"உங்க துக்கத்த ஆண்டவர் அறிவார்..." என்று ஆரம்பித்தேன்.

"அவர் அறிவார், சரி. நீங்க அவனோட பேசிப் பழகினவரு. மீனுக்குத்தானே போனான்? வேற எதுக்குப் போவான்?"

கோப்பையில் மேலே மிதந்த இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காத்திருந்தாள். அடுப்பில் விறகு ஒருமுறை வெடித்தது. நான் கண்ணை மூடினேன். ஜெபிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவளும் தலையைக் குனிந்தாள்.

கண்ணைத் திறந்தபோது ஃபைனா எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வலையின் மறுமுனையை எடுத்து, நறுக்க வாகாக இழுத்துப் பிடித்திருந்தாள். கபிதோலினா நறுக்கினாள். அதன் பிறகு இருவரும் என்னைப் பார்க்கவில்லை.

கபிதோலினாவுக்கு நான் ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன். அவள் மகன் மீனுக்காகப் போகவில்லை, எனக்கு வழி குறிக்கப் போனான். அந்தப் பதிலை இன்னும் கொடுக்கவில்லை.