ஒரு சாணுக்கு இரண்டு விரல் கம்மி

1

இடுப்பு வலிக்கிறது. இந்தக் கதை அங்கேயிருந்துதான் தொடங்குகிறது. வலது பக்கம், பெல்ட் போடுகிற இடத்துக்குக் கொஞ்சம் கீழே, யாரோ ஆப்பு வைத்துச் சம்மட்டியால் தட்டுகிற மாதிரி. எழுதுகிறவர்கள் வலி என்றால் பெரும்பாலும் மனசைச் சொல்வார்கள். நான் இடுப்பைச் சொல்கிறேன். பன்னிரண்டு வயசில் ஜல்லிக்கூடை சுமந்த இடுப்பு. இப்போது செஞ்சி பஜாரில் ஜெராக்ஸ் கடை ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கிற இடுப்பு.

(இந்தப் பத்தியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதைப்பற்றிப் பின்னால் ஒரு விஷயம் சொல்லவேண்டியிருக்கும். சொல்லாமல் தப்பிக்க வழி உண்டா என்றும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.)

கதை ஒரு கார் வாங்குவது பற்றியது. எனக்கில்லை. என்னிடம் இருப்பது உதைத்தால் மட்டும் கிளம்புகிற ஒரு மொபெட். கார் இளையபெருமாளுக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"ராஜகிரி மலையின் நிழல் நீளும் அந்தச் சிற்றூரில், வரலாறு உறங்கும் பாறைகளின் நடுவே

அடித்துவிட்டேன். செஞ்சியில் எதைப்பற்றி எழுத உட்கார்ந்தாலும் கோட்டை வந்து முன்னால் நின்றுகொள்கிறது. பாறைகளின் நடுவே வரலாறு உறங்கியதா என்று எனக்குத் தெரியாது. நாங்கள் கல் உடைத்தோம். அந்தச் சத்தத்தில் எதுவும் உறங்கியிருக்காது.

அடுத்தது:

"இளையபெருமாள் நல்ல மனிதர். யாருக்கும் ஒரு தீங்கும்

இதுவும் வேண்டாம். நல்ல மனிதர் என்று ஆரம்பித்தால் கடைசியில் அவர் செத்துப்போவார் என்று நீங்கள் காத்திருப்பீர்கள். இதில் யாரும் சாகவில்லை. தவிர, அவர் தீங்கு செய்யாதவரும் இல்லை. நாலாம் பகுதியில் வருகிறது.

மூன்றாவது:

"இளையபெருமாள் மஞ்சப்பையில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு கார் வாங்கக் கிளம்பினார்."

இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான்.

3

இளையபெருமாளுக்கு வயசு ஐம்பத்தெட்டு. நாற்பது வருஷம் கல்லுக்கால்* உடைத்தவர். வீடு மலையடிவாரத்தில், தார் ரோட்டிலிருந்து முந்நூறு எட்டு எடுத்துவைக்கிற தூரம் மேலே. மனைவி மீனம்பாளுக்குக் கிட்னி இரண்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டன. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விழுப்புரம் போய் டயாலிசிஸ் பண்ணிக்கொண்டு வரவேண்டும். ஒரு நாள் தவறினால் முகம் வீங்கும். இரண்டு நாள் தவறினால் மூச்சு முட்டும். போதாததற்கு வலது முட்டியில் தகடு வைத்திருக்கிறது. கால் மடங்காது.

அந்த முந்நூறு எட்டுக்கும் மீனம்பாளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். இளையபெருமாள் ஒருவர். பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் ஒருவர். மேல்வீட்டு அண்ணன் தம்பிகள் இருவர்.

ஒரு வியாழக்கிழமை, பாதி வழியில், நாற்காலியில் இருந்தபடியே மீனம்பாள் சொன்னாள்:

"இன்னாய்யா, உசுரோட இருக்கும்போதே நாலு பேர வச்சித் தூக்கற. இப்பவே பழக்கி விடறியா?"

நாலு பேரும் சிரித்தார்கள். இளையபெருமாளும் சிரித்தார். கீழே இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டு, வண்டிக்குப் பின்னால் போய் நின்று மூக்கைச் சிந்தினார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்: வாசல்வரை வருகிற கார். ரோட்டோரம் நிலக்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையை விற்றார்.

* கல்லுக்கால்: வேலிக்கும் பந்தலுக்கும் நடுகிற கல்தூண். இதை அடிக்குறிப்பாகப் போடுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் சோறு என்பதற்கு இன்னொரு பெயர் அது.

4

வழியின் நடுவே ஒரு பாறை படிபோல வெட்டி நிற்கிறது. உயரம் ஒரு சாணுக்கு இரண்டு விரல் கம்மி. சாதாரணக் கார் ஏறினால் வயிறு தட்டும்.

சிமெண்டைக் கொட்டிச் சரிவாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். முதல் வரைவில் இதை மறைத்திருந்தேன். கதாநாயகனைக் காப்பாற்றுவதாக நினைப்பு.

அந்தப் பாறை இருப்பது பஜாரில் மளிகைக்கடை வைத்திருக்கும் ரங்கநாதனின் பட்டா நிலத்தில். ஒரு காலத்தில் அது மாட்டுவண்டி ஏறுகிற மாதிரி வழவழவென்று ஒரே சரிவாக இருந்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் அதன் கீழ்ப்பாதியை ஒருவர் பிளந்து, நாற்பது கல்லுக்கால் எடுத்து விற்றுவிட்டார். வாசலிலேயே கல் கிடக்கும்போது மலையேறுவானேன் என்று நினைத்தவர். அவர் யாரென்று நான் சொல்லவேண்டியதில்லை.

இளையபெருமாள் போய்க் கேட்டார். ரங்கநாதன் துவரம்பருப்பை நிறுத்துக்கொண்டே பதில் சொன்னார்:

"நடந்து போ, வண்டியில போ. நான் மறிக்கல. ஆனா ஒரு சட்டி சிமெண்டு விழக்கூடாது. உடைச்ச பாறைய கொண்டாந்து இருந்த எடத்துல வை, அப்புறம் பேசலாம்."

"மொதலாளி, அது நாப்பது ஊட்டு வேலியில நிக்குது."

"எண்ணித்தான வித்த? எண்ணி எடுத்தாந்துடு."

ரங்கநாதனைக் கெட்டவராகக் காட்ட இரண்டு முறை முயன்றேன். முடியவில்லை. அவர் பாறை அது.

5

அப்படியானால் என்ன கார்?

விமல்ராஜ் பஜாரில் பழைய கார் புரோக்கர். உயரமான ஜீப் மாதிரி வண்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினான். மீனம்பாள் வாசலில் உட்கார்ந்து, கீழே ரோட்டில் நிற்பதைப் பார்த்தே தள்ளிவிட்டாள். "அதுல ஏற இன்னொரு நாலு பேரு வேணும்."

ஏறுவதற்குத் தாழ்வாக இருக்கவேண்டும். ஆனால் வயிறு தரையிலிருந்து எழும்பி நிற்கவேண்டும். மடங்காத காலை நீட்டிப் படுக்கப் பின்னால் நீளமாக இருக்கவேண்டும். மழையில் பாறை பாசி பிடிக்கும். இரண்டு சக்கரம் இழுக்கிற வண்டி வழுக்கிக்கொண்டு பின்னால் வரும். ஆகவே நாலு சக்கரமும் இழுக்கவேண்டும்.

விமல்ராஜ் ஒரு வாரம் போனைத் தேய்த்துவிட்டு வந்தான்.

"எஸ்டேட் காருன்னு ஒன்னு இருக்குதுண்ணா. முன்னாடி காரு, பின்னாடி நீட்டுன பொட்டி. போர் வீல் டிரைவ். கிரவுண்ட் கிளியரன்ஸ் தூக்கி வச்சிருப்பான். நம்ம பக்கம் எவனும் வாங்கறதில்ல. பாண்டியில பழைய வண்டி யார்டுல ஏழெட்டு நிக்குது."

"எம்மா ஒசரம்?"

"இருநூறு மில்லிமீட்டரு."

"மில்லில்லாம் குடிக்கறவன் கணக்கு. எனக்குக் கல்லு தெரியும்."

6

(இந்தப் பகுதிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. எழுதும்போதே தெரிந்தது, நன்றாக வருகிறதென்று. அதற்கு ஒரு விலையும் உண்டு.)

அளவுக்கு அவர் டேப் எடுத்துப்போகவில்லை. அந்தப் படியின் விளிம்பிலேயே உளி வைத்து, செங்கல் கனத்துக்கு ஒரு துண்டு பெயர்த்தெடுத்தார். படி என்ன உயரமோ அதே உயரம், மேலும் கீழும் சுத்தமான முகம். அதை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறினார். கூட விமல்ராஜ். கூட நான்.

யார்டில் ஏழு கார்களைப் பார்த்தோம். ஒவ்வொன்றுக்கும் இளையபெருமாள் பையிலிருந்து கல்லை எடுத்தார்.

"அண்ணா, கல்ல உள்ள வையிண்ணா. எல்லாரும் பாக்கறான். என் மானம் போவுது."

"உன் மானத்துக்கு அடியில இந்தக் கல்லு போவுமா பாரு."

வெறும் வண்டியாகப் பார்த்தால் போதாது, ஆள் ஏறினால் இறங்கும் என்று அவருக்குத் தோன்றியது. விமல்ராஜை முன்சீட்டில் உட்காரவைத்தார். யார்டு காவல்காரரை டீ வாங்கித்தருவதாகச் சொல்லி அடுத்த சீட்டில் ஏற்றினார். பின்பக்கக் கதவைத் தூக்கி, தான் ஏறி, வலது காலை விறைப்பாக நீட்டி, மீனம்பாளாகப் படுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து குரல் வந்தது:

"தம்பி, கல்லத் தள்ளு!"

நான் குனிந்து தள்ளினேன். ஆறு கார்களில் கல் மாட்டிக்கொண்டது. ஏழாவதில், கரும்பச்சை நிறத்தில் யாரோ வெளிநாட்டுக்காரர் வைத்திருந்து விட்டுப்போன வண்டியில், கல் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. நடுவில் ஒரு விரல் இடைவெளி.

இளையபெருமாள் படுத்தவாறே மேல்கூரையைத் தட்டிப் பார்த்தார்.

"அவளுக்கு எடம் தாராளமா இருக்குது," என்றார். கொஞ்ச நேரம் எழுந்திருக்கவில்லை.

7

கார் வந்தது. படியில் ஏறும்போது வயிறு தட்டியது.

எப்படி?

இதை நான் புனைந்திருந்தால் நம்பமாட்டீர்கள். சரிவான பாறையின் விளிம்பிலிருந்து ஒரு துண்டை எடுத்தால், விளிம்பு பின்னால் போகும். பின்னால் பாறை இன்னும் உயரம். அளவுக்கல்லை எடுத்தபோது கூடவே ஒரு முழத்துக்குப் பாறை பெயர்ந்து விழுந்ததை இளையபெருமாள் காலால் ஓரம் தள்ளிவிட்டிருந்தார். நாற்பது வருஷப் பழக்கம். வேண்டிய துண்டு கைக்கு வந்தால் மிச்சத்தைப் பார்ப்பதில்லை. கல் பழைய உயரத்தைச் சரியாகச் சொன்னது. அதை எடுத்ததால்தான் படி இரண்டு விரல் வளர்ந்துவிட்டது.

மீனம்பாள் மேலே வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்லு ஒடைக்கறவன கார் வாங்க அனுப்பினேன் பாரு, என்னைச் சொல்லணும்."

இப்போது கார் கீழே புளியமரத்தடியில் நிற்கிறது. விழுப்புரம் போக வர அருமையான கார். ஆடாமல் அசையாமல் போகிறது, மீனம்பாள் கால் நீட்டித் தூங்கிவிடுகிறாள். வீட்டிலிருந்து கார்வரைக்கும் மட்டும் பழைய பிளாஸ்டிக் நாற்காலி. நாலு பேர்.

8

முடிவுக்கு மூன்று யோசனைகள்.

(அ) ரங்கநாதன் மனம் இளகி, தானே சிமெண்ட் மூட்டையோடு வருகிறார். அவர் வரமாட்டார். நேற்றுக்கூட ஒரு கட்டு விண்ணப்பம் ஜெராக்ஸ் எடுக்க வந்தார். கேட்டேன். "எத்தினி கல்லுக்கால் வந்திருக்குது?" என்றார்.

(ஆ) கல்லுக்கால் வாங்கிய நாற்பது வீட்டுக்காரர்களும் ஆளுக்கு ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்து படியை நிரப்புகிறார்கள். பின்னணியில் மேளம். எழுதிப் பார்த்தேன், எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் கிழித்துவிட்டேன். அனந்தபுரத்தில் ஒருவர் தன் கல்லுக்காலில் எருமை கட்டியிருக்கிறார். எருமையை எங்கே கட்டுவார்?

(இ) இளையபெருமாள் காரை

இது எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தோன்றுவதை நிரப்பிக்கொள்ளுங்கள்.

9

தப்பிக்க வழி கிடைக்கவில்லை. முதல் பத்திக்குத் திரும்புகிறேன்.

போன அமாவாசை வியாழக்கிழமை வந்தது. அமாவாசை என்றால் கன்னியப்பன் மேல்மலையனூர் கோயில் வாசலில் தேங்காய்க்கடை போடுவார். நாலாவது ஆள் இல்லை. முதல்நாள் சாயங்காலம் இளையபெருமாள் போன் செய்தார்.

"தம்பி, நாளைக்குக் காலையில அஞ்சரைக்கு ஒரு கை வந்து புடி. ஒரே ஒரு நா."

"இடுப்பு புடிச்சிக்கிச்சுண்ணா. குனிய முடியல."

"அய்யோ. செரி செரி, படுத்துக்க. நாங்க பாத்துக்கறோம்."

ஏழு கார்களுக்கு அடியில் குனிந்த இடுப்பு அது. அப்போது ஒன்றும் செய்யவில்லை. போனை வைத்தபோதும் ஒன்றும் செய்யவில்லை. அடுத்த நாள் காலை ஐந்தரைக்கு நான் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, நீங்கள் படித்த ஆறாம் பகுதியை எழுதிக்கொண்டிருந்தேன். "தம்பி, கல்லத் தள்ளு" என்ற இடம். விடவே மனசில்லை.

மூன்று பேர் தூக்கினார்கள். அந்தப் படியில் ஆள் இல்லாத பக்கம் நாற்காலி சாய்ந்தது. மீனம்பாளின் தகடு வைத்த கால் விளிம்பில் மோதியது. ஏழு தையல். டயாலிசிஸ் தவறவில்லை, இரத்தம் கசியக் கசியவே கொண்டுபோய்விட்டார்கள்.

மறுநாள் இளையபெருமாள் கடைக்கு வந்தார். கையில் ஒரு பாட்டில்.

"உங்க அண்ணி குடுத்தனுப்பினா. நல்ல தைலமாம். சூடு பறக்கத் தேய்க்கச் சொன்னா. இன்னா, இப்ப பரவாயில்லியா?"

"பரவாயில்லண்ணா."

"உக்காந்தே இருக்கறல்ல, அதான் புடிக்குது."

அவர் சொன்னது பலித்துவிட்டது. உட்கார்ந்து உட்கார்ந்து இதை எழுதியதில் இடுப்பு இப்போது நிஜமாகவே வலிக்கிறது. முதல் வரியை அன்றைக்குப் பொய்யாக எழுதினேன். திருத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. தைலத்தை இன்னும் திறக்கவில்லை.

அடுத்த அமாவாசை சனிக்கிழமை. கன்னியப்பன் தேங்காய்க்கடை போடப் போய்விடுவார். இளையபெருமாள் இந்தத் தடவை என்னைக் கூப்பிடமாட்டார், என் இடுப்பு அவருக்கு ஞாபகம் இருக்கும். நான் போனேனா என்று நீங்கள் கேட்கக்கூடாது. இதை எழுதும்போது வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் ஆகிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடும் அந்த மலையடிவாரத்தில் இருந்த காலம், தொண்ணூற்றேழு ஐப்பசி மழையில் என் அம்மாவைப் பாம்பு கடித்தது. கயிற்றுக் கட்டிலோடு அவளை இந்த வழியாகத்தான் தார் ரோட்டுக்குத் தூக்கிப்போனார்கள். அப்போது பாறை சரிவாக இருந்தது. மூன்று பேர்தான் கிடைத்தார்கள். கால்மாட்டை ஒற்றை ஆளாகத் தூக்கியவர் இளையபெருமாள். அம்மா பிழைத்தாள்.

அவருக்கு நான் ஒரு தோள் பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.