சிவப்புப் புள்ளி போட்ட செயின்

காலையில் கணவனிடமிருந்து வந்த செய்தி ஒரே வரிதான். "மதியம் கடைக்கு வர்றேன், பேசணும்." அவன் வீட்டை விட்டுப் போன மூன்று மாதத்தில் அவளுக்கு வந்த முதல் வரி அது. வண்டி உதிரிபாகக் கடைக்கு வேலைக்குப் போகிறவள் உடுத்தக் கூடாத இளநீலப் புடவையை எடுத்து உடுத்திக்கொண்டாள். நகத்துக்குச் சிவப்புச் சாயமும் பூசிக்கொண்டாள். கிரீஸ் பட்டால் படட்டும்.

"இன்னிக்கு என்ன, நட்டுக்கும் போல்ட்டுக்கும் கல்யாணமா?" என்றாள் பில் மேசையில் இருந்த முதலாளியம்மா.

"அவர் வர்றாரும்மா."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "திரும்பி வரத்தானா?"

"வேற எதுக்கு?"

"வர்றேன்னதும் கதவைத் திறந்துடாதே. கொஞ்சம் கெஞ்ச விடு. ஆம்பளைக்குக் கெஞ்சத் தெரிஞ்சாத்தான் குடும்பம் நடக்கும்."

அவள் சிரித்தாள். கெஞ்சலெல்லாம் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. ஒரு உப்புப் பெறாத சண்டையில் அவன் பெட்டியோடு வாசலில் நின்று, "இந்த வீட்டுல எனக்குன்னு நீ என்ன செஞ்சிருக்கே? ஒண்ணே ஒண்ணு சொல்லு பார்ப்போம்" என்று கேட்டுவிட்டுத் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்தான். கையில் கரண்டியோடு நின்றவளுக்கு அன்று ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை. சமையல், துவையல் எல்லாம் ஊரில் எல்லாரும் செய்வதுதான். அதன் பிறகு இந்த அலமாரிகளுக்கு நடுவில் நின்று எத்தனையோ முறை பதில் தேடியிருக்கிறாள். பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வந்தால் போதும் என்று இன்று காலைதான் முடிவு செய்தாள்.

அவன் வந்தான். ஒரு கையில் ஹெல்மெட், இன்னொரு கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். புடவை அவன் கண்ணில் படவில்லை.

"செயின் போச்சு. எதிர் ஒர்க்ஷாப்புல வண்டியைப் போட்டிருக்கேன். நல்லதாப் பார்த்துக் குடு. பொண்டாட்டி இருக்கற கடை, ஏமாத்த மாட்டீங்கல்ல?"

"பேசணும்னு சொன்னீங்களே?"

"பேசலாம் பேசலாம். எங்க ஓடிப்போகப் போறேன்? முதல்ல இது."

பழைய செயினைப் பார்க்காமல் புதியது கொடுப்பதில்லை என்பது அந்தக் கடையின் வழக்கம். அவள் பொட்டலத்தைப் பிரித்து, செயினை மேசைமேல் நீளமாகப் போட்டாள். துரு பிடித்துச் சில கண்ணிகள் மடங்கவே மறுத்தன. பக்கவாட்டில் பிடித்துத் தூக்கினால் நொய்ந்த கயிறு போலத் தொங்கியது. அந்தத் துருவுக்கு நடுவில், ஒரு கண்ணியில் மட்டும் சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளி.

அவள் வைத்த புள்ளி. ஞாயிறுதோறும் அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போது வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே அட்டை விரித்து, பழைய பல் பிரஷ்ஷால் செயினைத் தேய்த்து, சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே கண்ணி கண்ணியாக எண்ணெய் விடுவாள். எங்கே தொடங்கினோம் என்று தெரிவதற்காக ஒரு நாள் நகச்சாயத்தைத் தொட்டு வைத்தாள். "காலங்காத்தால வாசல்ல என்ன கடகடன்னு? மனுஷனைத் தூங்க விடமாட்டியா?" என்று உள்ளிருந்து குரல் வரும். அதற்கு மேல் அவன் எழுந்து வந்து பார்த்ததில்லை.

"அதேதான்!" அவன் மேசைமேல் குனிந்தான். "அந்தச் சிவப்புப் புள்ளி இருக்கு பாரு, கம்பெனி முத்திரை. அந்தக் கம்பெனியே குடு. இத்தனை வருஷமா ஒரு சொட்டு எண்ணெய் காட்டினதில்ல, ஒரு தொந்தரவு குடுத்ததில்ல. இந்த மூணு மாசத்துலதான் என்ன கேடு வந்துச்சோ. அக்கா வீட்டுப் பக்கம் ரோடு சரியில்ல."

முதலாளியம்மா புள்ளியைப் பார்த்தாள், பிறகு அவள் நகத்தைப் பார்த்தாள். அவளோ தன் விரலை நகர்த்திப் புள்ளிக்குப் பக்கத்திலேயே வைத்தாள். இரண்டும் ஒரே சிவப்பு. அவன் பார்க்கட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இல்லேன்னா ஏதோ சீல் செயினாமே. அது எப்படி?"

அவள் ஒரு பெட்டியை இறக்கித் திறந்து காட்டினாள். "தகட்டுக்கு நடுவுல கறுப்பா ரப்பர் வளையம் தெரியுதா? உள்ள வச்ச கிரீஸை அது வெளிய விடாது."

"அப்ப நாம ஒண்ணும் செய்ய வேண்டாம். எதையும் கேக்காம ஓடும்!" அவன் சிரித்தான். "நீயும் கொஞ்சம் இப்படி இருந்திருந்தா நான் ஏன் அக்கா வீட்டுக் கூடத்துல பாய் போட்டுப் படுக்கறேன்? அதைத்தான் பேச வந்தேன். அங்க மாமாவுக்கும் எனக்கும் ஒத்து வரல. ஞாயித்துக்கிழமை பெட்டியோட வந்துடறேன். பழசெல்லாம் விடு, நானும் மறந்துட்டேன்."

மூன்று மாதமாகக் காத்திருந்த சொல் வந்துவிட்டது. அவள் பெட்டியை மூடினாள்.

"உள்ளதான் கிரீஸ், சார். வெளிய நீங்கதான் பார்க்கணும். அடிக்கடி துணியால துடைச்சு இதுக்குன்னு இருக்கற எண்ணெய் போடணும். பெட்ரோல்ல கழுவாதீங்க, கம்பி பிரஷ் போடாதீங்க, வளையம் போயிடும். பல்சக்கரத்தையும் சேர்த்து மாத்துங்க. பழசுல மாட்டினா புதுசும் சீக்கிரம் தேஞ்சுடும்."

"என்னது, சாரா?"

"வர்றவங்க எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம்."

"இவ்வளவு வேலை இருக்கா இதுல? அதுக்கு அந்தச் சிவப்புப் புள்ளியே தேவலையே. இல்லையா அது?"

"மூடிட்டாங்க."

"எப்போ?"

"இப்பத்தான். ஞாயித்துக்கிழமை வராதீங்க."

அவன் அவளையும் முதலாளியம்மாவையும் மாறி மாறிப் பார்த்தான். "தொட்டதுக்கெல்லாம் கோபம்" என்று முணுமுணுத்தபடி பணத்தை மேசைமேல் வைத்து, செயின் பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்து போனான். பல்சக்கரம் கேட்கவில்லை.

"சொல்லியிருக்கலாமேடி" என்றாள் முதலாளியம்மா.

"அவர் கேட்டப்போ எனக்குத் தெரியலம்மா. எனக்குத் தெரிஞ்சப்போ அவர் கேக்கல."

பழைய செயினை இரு கையாலும் அள்ளிப் பழைய இரும்பு போடும் டிரம்மில் போட்டாள். திரும்பும்போதுதான் பார்த்தாள், முந்தானையில் ஒரு சாண் அளவுக்குத் துருக்கறை. பட்டால் படட்டும் என்றுதான் காலையில் கிளம்பியிருந்தாள். ஆனாலும் சோப்பும் தண்ணீரும் எடுத்து வந்து, பின்கட்டில் உட்கார்ந்து அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.