லவெல் வீட்டு ஏழு ஜோடி பூட்ஸ்

1911 ஏப்ரல் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இரவில், டப்ளினுக்கு மேற்கே டோனாரா என்ற ஊரில் சபீனா லவெலின் வீட்டில் ஏழு பேர் தூங்கினார்கள். அவர்களில் ஐந்து பேர் அன்று கடலுக்கு அப்பால் இருந்தார்கள். சபீனாவின் கொள்ளுப்பேத்தி கொன்செப்டா இதை யார் கேட்டாலும் முட்டை விலை சொல்வதுபோலச் சொல்வாள். மூத்தவன் ஃபெஸ்டஸ், வீட்டில் ஃபெஸ்டி, அமெரிக்காவில் பியூட் நகரத்துச் செம்புச் சுரங்கத்தில். நாப்பி கிளாஸ்கோவில் ஒரு டாக்டர் வீட்டு வேலைக்காரி, அந்த வீட்டுக் கணக்கெடுப்பிலும் அதே இரவு அவள் பெயர் உண்டு. மற்ற மூவர் பாஸ்டனில். விதவைத் தாய்க்கு ஊரில் மிஞ்சியவன் கடைக்குட்டி ஆண்டனி ஒருவன்தான். ஆனாலும் சர்க்கார் தலையெண்ணும் இரவில் தன் பிள்ளைகள் தன் வீட்டில் இருக்க வேண்டும் என்பதில் சபீனா பிடிவாதமாக இருந்தாள். ஐந்து படுக்கைகளுக்குப் புது வைக்கோல் போட்டு, கணப்பில் சதுப்பு மண்கட்டிகளை அடுக்கி எரியவிட்டாள். காலையில் படிவம் வாங்க வந்த கான்ஸ்டபிள் டூஹி வெளி மாவட்டத்துக்காரர், கறார் பேர்வழி. சபீனாவுக்கு எழுதத் தெரியாததால் அவர்தான் எழுத வேண்டியிருந்தது.

"ராத்திரி இங்க தூங்கினவங்க பேரு மட்டும் சொல்லும்மா. அமெரிக்காக்காரனையெல்லாம் எழுத முடியாது."

"கணப்புகிட்ட போய் எண்ணிட்டு வந்து பேசுங்க சார்."

கணப்பருகே ஏழு ஜோடி பூட்ஸ் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு ஜோடியில் அந்த மாவட்டத்திலேயே இல்லாத பச்சைத் தூசி. இன்னொன்று, பட்டணத்துச் சமையலறையில் மட்டுமே வரக்கூடிய மெருகோடு பளபளத்தது. டூஹி இரண்டு தடவை எண்ணினார். ஏழு பெயரையும் எழுதினார், சபீனா அடியில் குறி போட்டாள். வயது எழுபது என்றாள். பத்து வருஷத்துக்கு முந்தைய படிவத்தில் அவளுக்கு ஐம்பத்திரண்டு. எழுபது வயதானவர்களுக்கு ஓய்வூதியம் என்று சட்டம் வந்ததிலிருந்து டோனாராவில் பெரியவர்கள் எல்லோரும் அதே வேகத்தில் மூப்படைந்துகொண்டிருந்ததால், டூஹி அதைக் கண் இமைக்காமல் எழுதிக்கொண்டார். அந்தப் படிவத்தில் வயது ஒன்றுதான் பொய். பிள்ளைகளின் பூட்ஸ் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டன. ஆண்டனி வளர வளர ஒவ்வொன்றாகப் போட்டுத் தேய்த்தான். ஃபெஸ்டியுடையது மட்டும் யார் காலுக்கும் சேராத அளவுக்குப் பெரிது.

ஆண்டனியும் அவன் மகனும் போய்ச் சேர்ந்தார்கள், மற்றவர்கள் ஒவ்வொரு திசைக்குப் போனார்கள், டோனாராவில் கடைசி லவெலாகக் கொன்செப்டா நின்றாள். பள்ளிக்கூடப் பஸ் ஓட்டினாள். 2019இல் ராண்டல் லவெல் என்பவன் பியூட்டிலிருந்து வந்து இறங்கினான். ஃபெஸ்டியின் கொள்ளுப்பேரன். ஒரு கையில் அப்பாவின் சாம்பல் இருந்த பெட்டி, இன்னொரு கையில் பழைய கணக்கெடுப்புத் தாள்களின் கட்டு. சொந்த மண்ணில், சொந்தக்காரர்களின் குழியில் தன்னை வைக்க வேண்டும் என்பது அப்பாவின் கடைசி ஆசையாம். ராண்டல் தாள்களைச் சமையலறை மேஜையில் பரப்பினான். அவனுடைய சந்தேகத்திலும் நியாயம் இருந்தது.

"இதே ராத்திரி நாப்பி கிளாஸ்கோவுல இருக்கா, பாருங்க. ஒரே ஆளு ரெண்டு இடத்துல எப்படிக்கா? இது வேற லவெல் குடும்பம். எங்கப்பாவ முன்னப்பின்ன தெரியாதவங்களோட படுக்க வைக்க மாட்டேன்."

"ஏன் தம்பி, உங்க ஊர்ல ஒரே இடத்துலதான் தூங்குவீங்களா?" என்றாள் கொன்செப்டா. துணி மாட்டும் கிளிப்புகளைக் கொட்டிவிட்டு, அவை கிடந்த ஃபெஸ்டியின் பூட்ஸைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். தாள் கட்டில் சுரங்கத்து வருகைப் பதிவின் நகல் ஒன்றும் இருந்தது. 1911 ஏப்ரல் மூன்று, திங்கள்: ஃபெஸ்டஸ் லவெல் வெறுங்காலோடு வந்தான், திருப்பி அனுப்பப்பட்டான். அவள் அதை இரண்டு தடவை சத்தமாக வாசித்துக் காட்டினாள். சுரங்கத்தில் பூட்ஸ் தொலைவது சகஜம் என்று சொல்லி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் ஊர் திரும்பினான். கொன்செப்டாவுக்கு வந்தது கோபம் இல்லை, அவமானம். லவெல் வீட்டில் தலையெண்ணி ஒருவரும் குறைந்ததில்லை, இப்போது இவன் தன்னைத் தானே கழித்துக்கொண்டு போகிறானே என்று மூன்று வருஷம் மனசுக்குள் குமைந்தாள்.

2022 ஏப்ரல் மூன்றாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மறுபடி கணக்கெடுப்பு இரவு. கொன்செப்டா மூன்று படுக்கைகளுக்குச் சலவை விரிப்பு போட்டாள். படிவத்தில் தன் பெயரையும் வயது ஐம்பத்தெட்டு என்றும் எழுதி, அதற்குக் கீழே ராண்டல் பெயரையும் அவன் தங்கைகள் இருவர் பெயரையும் எழுதிவிட்டுப் படுத்தாள். நன்றாகத் தூங்கினாள். மறுநாள் படிவம் வாங்க வந்த பெண் வாசலில் நின்று வாசித்துப் பார்த்தாள். "நீங்க இங்க தனியாத்தானேம்மா இருக்கீங்க?" கொன்செப்டா கணப்பைக் காட்டி வழிவிட்டாள். அந்தப் பெண் கணப்புவரை போய், பச்சைத் தூசி படிந்த மூன்று ஜோடியை எண்ணி, கொன்செப்டாவின் ரப்பர் பூட்ஸையும் சேர்த்து நான்கு என்று சரிபார்த்து, படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பிற்பகல் இரண்டு மணிக்குத் தொலைபேசி அடித்தது. பியூட்டில் அப்போதுதான் விடிந்திருந்தது.

"அக்கா, என் பூட்ஸ காணோம். தங்கச்சிங்களோடதும் காணோமாம். தலையெல்லாம் ஒரே புகை வாசன."

"இங்கதான்டா இருக்கு. தொடைச்சு வெச்சிருக்கேன், வந்து எடுத்துக்கோ. வரும்போது அப்பாவையும் கூட்டிட்டு வா."

ஜூன் மாதம் சபீனாவின் குழியில், அவள் காலடியில் ராண்டலின் அப்பாவை வைத்தார்கள். டோனாராவே வந்திருந்தது. கொன்செப்டா முன்வரிசையில் நின்று வந்தவர்களிடமெல்லாம், இவன் எங்கள் ஃபெஸ்டி வீட்டுப் பையன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள், ராண்டலும் அவர்களுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தான். படிவம் தலைநகர் டப்ளினுக்குப் போய்ச் சேர்ந்தது. சட்டப்படி நூறு வருஷம் பூட்டி வைத்தபின் அதைத் திறந்து, இந்த நான்கு பேரையும் வேறெங்கோ தேடிக் குழம்பப்போகிற சந்ததிகளுக்கும் சேர்த்து ஒன்றைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கிறது. அதில் எழுதியிருப்பது எல்லாமே உண்மை. கொன்செப்டாவின் வயது மட்டும் ஐம்பத்தெட்டு இல்லை.