பக்கத்து சீட்டு சுவிட்ச்

ஆஸ்பத்திரி வண்டி நிறுத்தத்தில் தன் பழைய காரின் பின்கதவைத் திறந்து வைத்து, திருப்புளியைப் பல்லில் கவ்விக்கொண்டு, ஒயரக்கா ஜன்னல் சுவிட்சைக் கழற்றிக்கொண்டிருந்தாள். மேலே மூன்றாம் மாடியில் அவளுடைய அம்மா கிடந்தாள்.

"இனி இங்க வெச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யறதுக்கில்ல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. இன்னிக்கோ நாளைக்கோ" என்று டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார். ஆம்புலன்ஸ் என்றதும் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நம்ம கார்லயே வரேன். ஆனா ஜன்னல நான்தான் தொறப்பேன்" என்றாள். உயிர் தொண்டைக்கு வந்த பிறகும் பிடிவாதத்துக்கு மட்டும் ஒரு குறைவுமில்லை.

அந்த ஜன்னல் நாலு வருஷத்துக் கதை. ஊரில் ஓடுகிற ஓட்டை உடைசல் கார்களுக்கெல்லாம் ஒயர் மாட்டி, விளக்கு எரிய வைத்து, ஹாரன் கத்த வைத்து, அதனாலேயே ஒயரக்கா என்று பெயர் வாங்கியவள் அவள். சொந்தக் காரில் ஒரு சுவிட்சைப் பார்க்க மட்டும் நேரம் வாய்க்கவில்லை. பக்கத்து சீட்டுக் கதவின் சுவிட்ச் செத்துப்போயிருந்தது. ஓட்டுகிறவர் கதவிலிருந்தே எல்லாக் கண்ணாடிகளையும் ஏற்றி இறக்கலாம். அதனால் அவளுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பக்கத்தில் உட்காருகிறவளுக்குத்தான் தெரிந்தது.

"காத்து வேணும்னா உன்கிட்ட மனுக் கொடுக்கணும். நீ மனசு வெச்சாத் தொறப்பே. அப்புறம் தூசி வருதுன்னு நீயே மூடிடுவே. நான் என்ன, நீ ஏத்திட்டுப் போற மூட்டையாடி?"

"நாளைக்குப் பாக்கறேம்மா."

எத்தனை நாளை! இப்போது கையில் இருப்பது, டிஸ்சார்ஜ் சீட்டு எழுதி முடிக்கிற நேரம் மட்டும்தான். செத்த சுவிட்சைப் பிரித்துப் பார்க்கவெல்லாம் பொழுதில்லை. பின்கதவில் இருந்ததும் அதே அச்சு. பின்சீட்டில் யாரும் உட்காராததால் புதுசு போல இருந்தது. அதைக் கழற்றி முன்கதவில் மாட்டிவிட்டால் முடிந்தது.

போன் அடித்தது. வெளிநாட்டிலிருந்து தம்பி.

"டிக்கெட் கெடச்சிடுச்சுக்கா. அம்மா எப்படி இருக்காங்க? நீ பக்கத்துலதானே இருக்கே?"

"கீழ இருக்கேன். கார் சுவிட்ச் மாத்திட்டிருக்கேன்."

"இந்த நேரத்துலயா? உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமாண்டா, வெச்சிடறேன்" என்று போனை வைத்துவிட்டு, முன்கதவின் செத்த சுவிட்சைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டு, அங்கிருந்த ஒயர் முனையை மாற்றுச் சுவிட்சின் அடியில் செருகினாள். எத்தனையோ கார்களில் செய்த வேலைதான், இன்றைக்கு மூன்றாவது தடவைதான் உட்கார்ந்தது. சாவியைத் திருப்பி அழுத்தியதும் கண்ணாடி முனகிக்கொண்டே இறங்கியது. அப்பாடா என்று அங்கேயே கொஞ்சம் அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

சக்கர நாற்காலியிலிருந்து அம்மாவை சீட்டுக்கு மாற்ற ஒரு ஆளே போதுமாயிருந்தது. அவ்வளவு இளைத்திருந்தாள். சீட்டைப் பின்னால் சாய்த்து, இடுப்புக்கு ஒரு தலையணை கொடுத்து, அம்மாவின் கையை எடுத்துச் சுவிட்சின் மேல் வைத்தாள்.

"சரி பண்ணிட்டியா?" அம்மாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "நான் போற நேரத்துலதான் உனக்கு ஒழிஞ்சுது."

"பின்சீட்டோடத எடுத்து மாட்டியிருக்கேம்மா."

"அதுவும் சரிதான். பின்னாடி உக்கார யாரு வரப்போறா?"

வாய் தவறி வந்துவிட்ட பேச்சு. ஐம்பதை நெருங்குகிற மகளுக்குக் கல்யாணம் ஆகாததைப் பற்றி அம்மா பேச்செடுப்பதை விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. இருவரும் முன்கண்ணாடி வழியே வெளியே பார்த்தார்கள். ஒயரக்கா வண்டியைக் கிளப்பினாள்.

பார்வையைச் சாலையில் வைத்துக்கொண்டு காதால் அம்மாவைக் கவனித்தாள். மோட்டார் முனகினால் கண்ணாடி இறங்குகிறது. மறுபடி முனகினால் ஏறுகிறது. வெல்டிங் கடை வந்ததும் அம்மா ஏற்றினாள், மரநிழலில் இறக்கினாள். பள்ளிக்கூடச் சுவரோரம் பிள்ளைகள் கத்துகிற சத்தத்துக்கு இன்னும் கொஞ்சம் இறக்கினாள். முன்னால் போன லாரி புழுதி கிளப்பியபோது ஒயரக்காவின் விரல் பழக்கத்தில் தன் பக்கத்துச் சுவிட்சுக்குப் போனது. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"சும்மா ஏத்தி எறக்கிட்டே இருக்காதேம்மா."

"என் ஜன்னல்" என்றாள் அம்மா.

பாலம் தாண்டித் திரும்புகையில் மோட்டார் மறுபடி முனகியது. கண்ணாடி முழுக்க இறங்கி அடியில் முட்டிய சத்தம் கேட்டது. முனகல் நிற்கவில்லை.

"முழுசா எறங்கிடுச்சு, கைய எடும்மா. மோட்டார் பொகைஞ்சிடும்."

நிற்கவில்லை.

"சொன்னாக் கேக்க மாட்டியா? கைய எடுன்னா!"

வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. நெற்றி மயிர் காற்றில் பறந்துகொண்டிருந்தது. கை தன் பாரத்திலேயே சுவிட்சின் மேல் விழுந்து கிடந்தது.

ஒயரக்கா அந்தக் கையை எடுத்து மடியில் வைத்தாள். முனகல் நின்றது.

கடைசியாக ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா! கேவலம் ஒரு மோட்டாருக்காக அம்மாவை அதட்டியிருக்கிறாளே. அந்த நாக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது. வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டே தாண்டிப் போயின. வீட்டுக்கு இன்னும் ஏழு தெரு இருந்தது. கண்ணாடியை ஏற்றாமலே மெதுவாக ஓட்டிக்கொண்டு போனாள்.

தம்பி வந்தான், அழுதான், எல்லாம் முடிந்து ஐந்தாம் நாள் திரும்பிப் போனான். மறுநாள் காலை ஒயரக்கா பட்டறையைத் திறந்தாள். காரின் பின்கதவில் சுவிட்ச் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது, ஒயர் வெளியே தொங்கியது. செத்த சுவிட்ச் சட்டைப் பையிலேயே கிடந்தது. அதை மேசையில் வைத்து மூடியை நெம்பித் திறந்தாள்.

உள்ளே ஒன்றும் உடைந்திருக்கவில்லை. இரண்டு பித்தளைத் தகடுகள் தொட்டுக்கொள்கிற இடத்தில் கரி பிடித்திருந்தது, அவ்வளவுதான். உப்புத்தாள் துண்டை வைத்துத் தேய்த்தாள். துடைத்து, மூடி, பின்கதவில் மாட்டி அழுத்தினாள். பின்கண்ணாடி இறங்கியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

முன்பக்கம் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். வாங்கிய நாளிலிருந்து அந்த சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. தலையணை அங்கேயே இருந்தது. சுவிட்சின் மேல் கையை வைத்து அழுத்தினாள். கண்ணாடி இறங்கி, அடியில் முட்டி, மோட்டார் முனக ஆரம்பித்தது.

அடுத்த கொட்டகையில் தகரம் தட்டிக்கொண்டிருந்த டிங்கர் சுத்தியலை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"ஒயரக்கா, முழுசா எறங்கிடுச்சு பாருங்க! கைய எடுங்க, மோட்டார் பொகைஞ்சிடும்!"

"எடுக்கறேன்" என்றாள்.

எடுக்கவில்லை.