கட்டுப்பாடு உன்கிட்ட

எம்டன் நகரத்தில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு நாற்காலி, இரண்டு கைப்பிடி, மூன்று திரை இருக்கின்றன. கணினியில் விளையாடும் விமான விளையாட்டில் அதுதான் எங்கள் விமானம். இடது நாற்காலி என் கணவன் ஓன்னோவுடையது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடிதான். ஒன்பது வருடமாக அவன் கேப்டன், நான் துணை விமானி. கல்யாண ஒப்பந்தத்தில் அப்படி எதுவும் இல்லை.

அன்று சனிக்கிழமை. சாயங்காலம் இணையத்தில் முப்பது பேர் ஒன்றாகப் பறந்து யூஸ்ட் தீவில் இறங்கப்போகிறார்கள். இறங்கப்போவது என் யூஸ்டில்! ஓடுபாதை, புல், மணல்மேடு, அலை ஒதுக்கிய சேறு என்று ஒவ்வொன்றையும் ஒரு வருடம் உட்கார்ந்து நான் கணினியில் கட்டியிருந்தேன். பறப்பதற்கு முன் எல்லோருக்கும் அதை அனுப்ப வேண்டும்.

"அதுக்கு முன்னாடி இந்தப் புது எஸ்.எஸ்.டி. டிஸ்க்கை ரெண்டாப் பிரிச்சிடறேன்" என்றான் ஓன்னோ. "ஒரு பாகத்துல விளையாட்டு, இன்னொண்ணுல உன் தீவு. விளையாட்டை எத்தனை தடவை அழிச்சுப் போட்டாலும் உன் தீவு பத்திரமா இருக்கும்."

"இன்னிக்கே பிரிக்கணுமா?"

"அஞ்சு நிமிஷ வேலை, செல்லம். நீ போய் டீ போடு."

புது எஸ்.எஸ்.டி. என்பது பேச்சுக்குத்தான். யாரோ ஒருவரிடம் மலிவாக வாங்கியது. என் தீவு இருந்த பழையதும் அதே கம்பெனி, அதே அளவு. இரண்டுக்கும் கணினி தானாக வைத்த பெயர் 'புதிய வால்யூம்'. பெயர் வைக்காதது என் சோம்பேறித்தனம், பார்க்காதது அவன் அவசரம். ஜாடிக்கேற்ற மூடி.

கோப்பையில் கற்கண்டு போட்டு, டீ ஊற்றி, மேலே பாலாடை விட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். வலது திரையில் திறந்து வைத்திருந்த என் ஓடுபாதையைக் காணவில்லை. 'கோப்பு கிடைக்கவில்லை' என்று ஒரு சின்னப் பெட்டி மட்டும் நின்றது.

"ஓன்னோ, எந்த டிஸ்க்கை அழிச்சே?"

"ரெண்டாவதை. புதுசு ரெண்டாவதுதானே?" சொல்லும்போதே அவன் முகம் வெளுத்தது. புதியதைச் செருகியதும் வரிசை மாறியிருந்தது.

என்னிடம் வேறு நகல் இல்லை. நகல் வைக்கத்தான் புதியதை வாங்கினோம்.

நடுத்திரையில், ஃபார்மேட் செய்து முடிக்கட்டுமா என்று கணினி கேட்டுக்கொண்டிருந்தது. அவன் விரல் மவுஸ் மேல் இருந்தது.

"இரு, இரு, நானே சரி பண்றேன். மறுபடி உருவாக்கினா எல்லாம் திரும்பி வந்துடும்..."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. பாகத்தை அழித்தால் எல்லைக்கோடு மட்டும்தான் போகும். உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். ஃபார்மேட் செய்தால் அதுவும் போய்விடும். அதையெல்லாம் விளக்க எனக்கு ஏது நேரம்?

"கட்டுப்பாடு என்கிட்ட!" என்று கத்தினேன்.

விமானி ஒருவர் இதைச் சொன்னால் மற்றவர் அந்த நொடியே கையை எடுக்க வேண்டும். வாதாடக் கூடாது. ஒன்பது வருடத்தில் இதை எப்போதும் சொன்னது அவன்தான். அவன் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான். இரண்டு கையையும் தூக்கினான்.

"கட்டுப்பாடு உன்கிட்ட" என்றான். குரல் உடைந்திருந்தது.

ரத்து செய்தேன். தொலைந்த பாகங்களைத் தேடும் சின்ன நிரல் ஒன்றை ஓடவிட்டேன். கோடு மெல்ல நகர்ந்தது. பத்து சதவீதம், ஒன்றுமில்லை. முப்பது, ஒன்றுமில்லை. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

"ஏதாவது செய்யட்டுமா?"

"ஒண்ணும் செய்யாதே. உன் கை மேலேயே உட்காரு."

நிஜமாகவே தன் கைகளின் மேல் உட்கார்ந்துகொண்டான் அந்தப் பெரிய மனிதன்.

நாற்பதைத் தாண்டியபோது ஒரு வரி முளைத்தது. திறந்து பார்த்தேன். என் கோப்புகள்! ஒன்று விடாமல்! எல்லையைப் பழைய இடத்திலேயே திரும்ப எழுதினேன். "வந்துடுச்சு! வந்துடுச்சுடா!" என்று குதித்ததில் டீ கவிழ்ந்தது. யாருக்குக் கவலை? முதல் வேலையாக எஸ்.எஸ்.டி.களுக்குப் பெயர் வைத்தேன், அடுத்து நகல் எடுத்தேன், பிறகு எல்லோருக்கும் அனுப்பினேன்.

சாயங்காலம் பறக்கும் நேரத்தில் ஓன்னோ வலது நாற்காலியில் போய் உட்கார்ந்திருந்தான்.

"அது என் இடம்."

"கட்டுப்பாட்டை நான் இன்னும் திரும்ப வாங்கலையே" என்றான்.

இடப்பக்கம் உட்கார்ந்து பறந்தேன். கடலுக்கு மேல் திரும்பியதும் என் தீவு நீளமாகக் கிடந்தது. முன்னால் போனவர்கள் யாரும் இறங்கவில்லை. எல்லோரும் தீவைச் சுற்றிக்கொண்டே இருந்தார்கள். விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியாக உட்கார்ந்திருந்த டென்மார்க்காரர் ரேடியோவில் கெஞ்சினார்: "யாராவது ஒருத்தர் இறங்குங்கப்பா!"

"இன்னும் ஒரு சுத்து" என்றது ஒரு குரல்.

"இந்த மணல்மேட்டைப் பாருங்கய்யா! எனக்கும் ஒரு சுத்து" என்றது இன்னொன்று.

நான் ரேடியோவின் ஒலியைக் கூட்டி வைத்தேன்.

"கேப்டன், நாமளாவது இறங்கலாமா?" என்று கேட்டான் ஓன்னோ.

ஓடுபாதை நேர் எதிரே வந்துவிட்டிருந்தது. நான் கைப்பிடியை இழுத்து மேலே ஏறினேன்.

"இன்னும் ஒரு சுத்து" என்றேன்.