இந்த வாரத் தாய்

ஆண் குழந்தைக்கு மூக்குக் குத்தியிருந்தது. வீட்டில் ஏழு பேர் இருந்தோம். என் கண்ணில்தான் பட்டது.

வலது மூக்கில் ஒரு சின்னத் துளை, தூர்ந்துபோகிற நிலையில். எங்களோடு தங்கியிருந்த ஆசிரியை மிஸ் பத்மாசனியிடம் காட்டினேன். "கொப்புளம் ஆறின வடு" என்றார். அமெரிக்காவுக்குப் போய்க் குழந்தை வளர்ச்சி படித்துவிட்டு வந்தவர், அவர் சொன்னால் சரியாக இருக்க வேண்டும். ஆனால் வியாசர்பாடியில் எங்கள் வரிசையிலேயே அப்படி மூக்குள்ள பையன்கள் உண்டு. முன்னால் பிறந்தவை தங்காமல் போய், அடுத்தது பையனாகப் பிறந்தால் மூக்குக் குத்திவிடுவார்கள். எமன் பெண் என்று ஏமாந்து போய்விடுவானாம். ஒரு பிள்ளையை எப்படியாவது பிழைக்க வைத்துவிடத் துடிக்கிறவள் செய்கிற வேலை அது. குப்பையில் போட்டுவிட்டுப் போகிறவள் செய்வதில்லை.

இவனோ குப்பையில் கிடந்த அனாதை என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் விழுந்துவிட்டது.

நாங்கள் படித்தது மனையியல். கடைசி வருஷத்தில் ஆறு பெண்கள் ஒரு வீட்டில் தங்கிக் குடும்பம் நடத்திக் காட்ட வேண்டும். ராயபுரத்தில், துறைமுகத்து வெள்ளைக்காரன் ஒருவன் காலி செய்துவிட்டுக் கப்பலேறிய பங்களாவைக் கல்லூரி அதற்காகப் பிடித்திருந்தது. வாரத்துக்கு ஒருத்தி சமையல், ஒருத்தி துணி, ஒருத்தி தோட்டம், இப்படி முறை. ஒருத்தி தாய். தாய்க்குக் குழந்தை வேண்டுமே, அதை ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து வாங்கி வந்திருந்தார்கள். ரவி என்று பெயர் வைத்தார்கள். வாரா வாரம் அவனுக்குத் தாய் மாறினாள். நேரமும் முறையும் மாறாமல் இருந்தால் போதும், ஆள் மாறினால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது என்பது மிஸ்ஸின் கட்சி.

என் அம்மா ஐந்து பிள்ளை வளர்த்தாள். அவளுக்கு யாரும் மார்க் போட்டதில்லை. எனக்குக் குளிப்பாட்டலில் பத்துக்கு ஆறு. காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கால்மேல் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். பீங்கான் தொட்டியில் உட்கார வைத்திருக்க வேண்டுமாம்.

"உங்க வீட்டுல தொட்டி இருக்காடி?" என்று எங்கள் ஆறு பேரில் ஒருத்தியான தாஹிராவைக் கேட்டேன். வண்ணாரப்பேட்டையில் அவள் அப்பாவுக்குத் தோல் மண்டி.

"இருக்கு. தோல் ஊறப்போட. புள்ளைய போட்டா வாப்பா வித்துடுவாரு" என்றாள் அவள்.

பரீட்சை முடிந்ததும் ரவி 'நல்ல இடத்துக்கு'ப் போகப்போவதாகச் சொன்னார்கள். அந்த நல்ல இடம் காரில் வந்து இரண்டு முறை பார்த்துவிட்டுப் போனது. கல்லூரி நிர்வாகத்தில் இருந்த ஒரு வக்கீலும் அவர் மனைவியும். அந்தம்மாள் பேசவே மாட்டாள். குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வக்கீல்தான் மிஸ்ஸிடம், "பின்னாடி யாரும் கேட்டு வரமாட்டாளே?" என்றார்.

"குப்பையில் கிடந்தது சார். யார் வரப்போகிறார்கள்?"

"அதான் சௌகரியம்" என்றார்.

தேநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். இவர்களுக்கு ஏதோ தெரியும், தெரிந்தே மறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். மூக்கைப் பற்றி அதற்குப் பிறகு வீட்டில் தாஹிராவைத் தவிர நான் யாரிடமும் பேசவில்லை.

பரீட்சை முடிகிற வாரத்தில் என் முறை இரண்டாவது தடவை வந்தது, சனிக்கிழமை ரவியை அழைத்துப்போகக் கார் வருவதாக ஏற்பாடு. அந்த வாரத்தில்தான் ஒரு கருவாட்டுக்காரியைக் கவனித்தேன். காசிமேட்டுப் பக்கத்து ஆள், ஒரு காலைச் சாய்த்துச் சாய்த்து நடப்பாள். தினமும் பின்வாசலுக்கு வந்து கூடையை இறக்குவாள். எங்கள் வீட்டில் கருவாடு வாங்குவதே இல்லை, மிஸ்ஸின் உணவுத் திட்டத்தில் அதற்கு இடம் கிடையாது. வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் மறுநாள் வந்து நிற்பாள்.

அதைவிட ஒன்று. தெருவில் போகிற எவளும், காய்காரியாகட்டும் தபால்காரர் மனைவியாகட்டும், குழந்தையைப் பார்த்தால் ஒரு சொடக்காவது போடுவாள். இவள் மட்டும் அவன் பக்கமே திரும்பமாட்டாள். திரும்பாமலே திட்டுவாள்.

"இன்னா புள்ள இது, கரிக்கட்ட மாதிரி கீது. காது இன்னா, மொறம் மாதிரி."

"உன்ன எவ கேட்டா? கூடையத் தூக்கினு கெளம்பு" என்றேன்.

"தோ பார்றா. படிச்ச பொண்ணுன்னு பாத்தா நம்ம பேட்டை வாய் கீதே உனக்கு. எந்தப் பக்கம் பாப்பா?"

"எந்தப் பக்கமா இருந்தா உனக்கின்னா?"

பிள்ளை பிடிக்கிறவள் என்றுதான் நினைத்தேன். வீட்டை நோட்டம் பார்க்கிறாள், ஆள் இல்லாத நேரத்துக்குக் காத்திருக்கிறாள் என்று. தாஹிராவிடம் பின்கதவைத் தாழ் போட்டு வைக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். "உனக்கு மிஸ்ஸும் திருடி, கருவாட்டுக்காரியும் திருடி. நான் மட்டும்தான் பாக்கி. என்னை எப்ப பிடிக்கப்போறே?"

வெள்ளிக்கிழமை காலை கருவாட்டுக்காரி வந்தபோது குழந்தை என் இடுப்பில் இருந்தான். அவள் குரல் கேட்டதும் உடம்பை முறுக்கிக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். என்னைக் கண்டு அவன் அப்படித் திரும்பியதில்லை. நான் அவளையே பார்த்தேன். அவள் கூடைக்குள் குனிந்துகொண்டாள்.

"இவனுக்கு மூக்கு குத்திகிது பாத்தியா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"எனக்கின்னா தெரியும்? குப்பத்தொட்டியாண்ட கெடந்த புள்ளைக்கு யாரு குத்தினாங்களோ."

"குப்பத்தொட்டியாண்ட கெடந்துச்சின்னு உனக்கு யாரு சொன்னது?"

அந்தச் செய்தி தெருவில் யாருக்கும் தெரியாது. அவள் கூடையைத் தூக்கப் போனாள், நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எலும்பாக இருந்தது.

"சொல்லலன்னா கத்துவேன். போலீசு வரும்."

"கத்தாத தாயி" என்றாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெயர் கெங்கம்மா. முன்னால் பிறந்த இரண்டும் ஆண், இரண்டும் தங்கவில்லை. இவன் பிறந்ததும் மூக்குக் குத்திக் குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுக்காரி தூக்கி வந்து, "குப்பையில கெடந்துச்சி, வளக்கிறியா?" என்று கேட்டு இவள் மடியில் போட்டாள். எங்கள் பக்கம் நடக்கிறதுதான், யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் விட்டுவிடுவானாம். பிள்ளைக்குப் பெயரும் குப்பன். பெரியபாளையத்து அம்மனுக்கு முடி இறக்குகிற வரைக்கும் 'என் பிள்ளை' என்று அவள் வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் முன்னால் போனவை போன வழியில் இதுவும் போகும். அப்படி வேண்டிக்கொண்டிருந்தாள்.

அதற்குள் புருஷன் ஓடிப்போனான். துறைமுகத்து லாரி ஒன்று அவள் காலில் ஏறிவிட்டது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாகக் கிடந்தவளிடம் குழந்தைகள் இல்லத்துக்காரர்கள் வந்து கேட்டார்கள்.

"இது உன் புள்ளயான்னாங்க. இல்லம்மா, குப்பையில கெடந்துச்சின்னேன். நெசமாவான்னு கேட்டாங்க. நெசந்தான்னேன், காகிதத்துல கையெழுத்தும் வாங்கிக்கினாங்க. கால் சரியாயி போயி கேட்டா, நீதானே உன்துல்லன்னு சொன்ன, உனக்கு இன்னா பாத்தியதைன்னு தொரத்திட்டாங்க. அங்க பெருக்கிறவதான் இந்த வூட்ட காட்டுனா."

எனக்கு வந்த கோபம் இன்னார் மேல் என்று இல்லை. "உள்ள வா. மிஸ்கிட்ட சொல்லு. நாளைக்கு சாயங்காலம் கார் வருது, இவன இஸ்துகினு பூடுவாங்க. தெரியுமா உனக்கு?" என்று அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

மிஸ் பத்மாசனி நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு கெங்கம்மாவிடம் நேராகக் கேட்டார். "இது உன் குழந்தையா?"

கெங்கம்மா குழந்தையைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"இல்லீங்கம்மா" என்றாள்.

எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது.

"பார்த்தாயா, பச்சையம்மா?" என்றார் மிஸ். "வேண்டுதலைக் காட்டிப் பிள்ளையைக் கேட்க முடியாது. அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்லட்டும், நான் இல்லத்துக்கு எழுதுகிறேன். சொல்லமாட்டேன் என்கிறாளே." பிறகு, "இவள் உங்கள் பக்கத்து ஆளா?" என்றார்.

அந்தக் கேள்விக்குள் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். கார்க்காரர்களிடம் ஏதாவது கறக்கலாம் என்று நானும் இவளும் சேர்ந்து நாடகம் போடுகிறோம். அதுதான் இருந்தது.

பின்வாசலுக்கு வந்ததும் கெங்கம்மாவிடம், "வாயில இன்னா வெச்சினுகிற? ஒரு வார்த்த" என்றேன்.

"சொல்லி அவன் செத்துட்டா? எங்கயாவது உயிரோட இருக்கட்டும். கார்ல போனா போவட்டும்."

"முடி எறக்கிட்டா சொல்லுவியா?"

"எறக்கிட்டா ஆத்தா எனக்கு வுட்டுட்டான்னு அர்த்தம். ஊரக் கூட்டி சொல்லுவேன்."

விடிந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். தாயாக இருப்பவள் குழந்தையைக் காற்றாட வெளியே கொண்டுபோகலாம், எவ்வளவு தூரம் என்று யாரும் வரையறுக்கவில்லை. "பெரியபாளையம் காத்து நல்லாதான் இருக்கும்" என்று தாஹிரா பால் புட்டியைக் கொடுத்தாள். மிஸ் கேட்டால் கடற்கரைக்குப் போயிருப்பதாகச் சொல்கிறேன் என்றாள்.

செங்குன்றம் வழியாகப் போகிற பஸ். கெங்கம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். புழல் ஏரி தாண்டியதும் எனக்குள் புழு குடைய ஆரம்பித்தது. இவள் சொன்னது மட்டும்தானே என்னிடம் இருக்கிறது? மூக்குக் குத்தின பிள்ளை ஊரில் இவன் ஒருவன்தானா? அந்தப் பெருக்குகிறவள் சொல்லிக் கொடுத்த கதையாக இருந்தால்? அடுத்த நிறுத்தத்தில் இவள் பிள்ளையைப் பறித்துக்கொண்டு இறங்கிவிட்டால் என் படிப்பு போகும், நான் ஜெயிலுக்குப் போவேன், ஆலையில் வேலை பார்க்கிற என் நைனா தலைகுனிந்து நிற்பார். குழந்தையை இறுக்கிக்கொண்டேன். அவள் வழி முழுக்க, கொடு என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பெற்றவள் கேட்காமல் இருப்பாளா? அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கோயிலில் வேப்பிலை கட்டினவர்கள் கூட்டம். முடி எடுக்கிறவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "தாய்மாமன் எங்க? மடியில யாரு வெச்சிக்கிறது?" என்றார்.

"மாமன் இல்ல. நான்தான்" என்றேன்.

"நீ இன்னா ஒறவு?"

"இந்த வாரத்துக்குத் தாய்."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். குழந்தை அலறினான். கெங்கம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கற்றை விழுந்தது. சந்தனம் பூசினார்கள். நான் நிமிர்வதற்குள் என் மடி காலியாகிவிட்டது. அவள் பிடுங்கியதில் என் ரவிக்கையில் ஒரு ஊக்கு தெறித்தது.

"என் புள்ள" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள், உரக்க, யாரோ மறுத்த மாதிரி. வரிசையில் நின்ற ஜனம் திரும்பிப் பார்த்தது. குழந்தை அவள் தோளுக்கு மேலாக என்னிடம் கையை நீட்டி அழுதான்.

நாங்கள் திரும்பியபோது கார் வந்து நின்றிருந்தது. கூடத்தில் மிஸ், வக்கீல், அந்தம்மாள் மூவரும் இருந்தார்கள். மொட்டைத் தலையைப் பார்த்ததும் மிஸ்ஸின் முகம் வெளுத்தது.

"யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?"

"பெத்தவளக் கேட்டு" என்றேன். அவர் முன்னால் அதுவரை நான் எங்கள் பேட்டைப் பேச்சுப் பேசியதில்லை.

கெங்கம்மா சாய்ந்து நடந்து நடுக்கூடத்துக்கு வந்தாள். "என் புள்ளம்மா. நான்தான் பெத்தேன். குப்பன்னு பேரு."

"நேற்று இல்லை என்றாயே?"

"நேத்து முடி இருந்திச்சிம்மா."

வக்கீல் எழுந்தார். "இதென்ன கூத்து? ராத்திரியோட ராத்திரியா சொல்லிக் குடுத்து அழைச்சிண்டு வந்திருக்கா. இவ கையெழுத்துப் போட்ட..."

"இருங்கோ" என்றாள் அவர் மனைவி. அவள் குரலை நான் அப்போதுதான் கேட்டேன். கெங்கம்மாவின் அருகில் வந்து, "இதுக்கு முன்னாடி எத்தனை?" என்று கேட்டாள்.

"ரெண்டும்மா."

"எனக்கு மூணு" என்றாள். குழந்தையின் காலைத் தொடப் போன கையைப் பாதியில் மடக்கிக்கொண்டாள். "வாங்கோ, போலாம்."

"நீ சும்மா இரு. காகிதமெல்லாம் நம்ம பக்கம்..."

"வரேளா, நான் நடந்து போகட்டுமா?"

போய்விட்டார்கள். இரக்கப்பட்டுத்தான் போனாளா, பிள்ளை தங்காதவள் வயிற்றுப் பிள்ளை வேண்டாம் என்று பயந்து போனாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. நல்லவள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

மிஸ் சொன்ன வார்த்தையை மீறவில்லை, எழுதினார். இல்லத்தின் பதில் வரும்வரை குழந்தையும் கெங்கம்மாவும் பங்களாவிலேயே இருக்கலாம் என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. வக்கீலின் ஆள் யாராவது வரக்கூடும் என்று இரண்டு வாசலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் நினைத்துப் பார்க்காத ஒன்று பிள்ளையிடமிருந்து வந்தது. அவனுக்குக் கெங்கம்மாவின் குரல் நினைவிருந்தது, கை மறந்துபோயிருந்தது. அவள் தூக்கினால் விறைத்தான். நான் அறைக்குள் வந்தால் என்னிடம் தாவினான். இத்தனை மாதமாக ஆறு தாய்மார் மாறி மாறித் தூக்கியதன் கணக்கு அது. நான் வாங்கி ஒரு நிமிஷம் தட்டினால் அடங்கிவிடுவான், அவள் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

அதற்குப் பிறகு நான் அவனைத் தூக்கவில்லை. துணி துவைக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

"உன்னைத்தாண்டி தேடறான். தொண்டை கட்டிடும்" என்று தாஹிரா வெளியே இருந்து தட்டினாள்.

"கட்டட்டும். பெத்தவ இருக்கா."

"கல்லுடி நீ."

பாத்திரம் விழுந்தது. கெங்கம்மா ஏதோ சொல்லிச் சொல்லி நடந்துகொண்டிருந்தாள், நொண்டுகிற காலடி கூடத்துக்கும் சமையலறைக்குமாகப் போய்ப் போய் வந்தது. அவன் அழுதான். நான் அவனுடைய துணியைச் சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டே இருந்தேன், கதவைத் திறக்கவில்லை.